ஸ்டிக் டிரிஃப்ட்: துடைப்பதா, ஸ்டிக்கை மாற்றுவதா, புது கன்ட்ரோலரே வாங்குவதா?

கையை எடுத்த பிறகும் திரையில் ஆள் நடந்துகொண்டே இருக்கிறான். மெனுவில் கர்சர் தானாகக் கீழே இறங்குகிறது. குறிபார்த்துச் சுடும் கேமில் துப்பாக்கி முனை மெல்ல மெல்ல வானத்தைப் பார்க்கிறது. கட்டைவிரலால் அசைக்கும் ஸ்டிக் தானாகவே அசைவதாகக் காட்டும் இந்தக் கோளாறுக்குப் பெயர் ஸ்டிக் டிரிஃப்ட். நின்டெண்டோ சுவிட்சின் ஜாய்கான், பிஎஸ்5-இன் டூயல்சென்ஸ், எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர், கையடக்கக் கேம் கணினிகளான ஸ்டீம் டெக், ராக் அலை (ROG Ally) என எதை வைத்திருந்தாலும் ஒருநாள் இது வரக்கூடும். வந்ததும் ஒருவர் "ஆல்கஹால் ஊற்று" என்பார், இன்னொருவர் "ஹால் ஸ்டிக் போடு" (காந்தத்தில் இயங்கும் வகை) என்பார், மூன்றாமவர் "தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு" என்பார். மூன்றுமே சில நேரம் சரி, சில நேரம் வீண்செலவு. உங்கள் கன்ட்ரோலருக்கு எது பொருந்தும் என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

## முதலில், எந்த வகைக் கோளாறு?

இதைப் பார்க்காமல் காசு செலவழிக்க வேண்டாம். கன்ட்ரோலரை யுஎஸ்பி கேபிளிலோ புளூடூத்திலோ கணினியோடு இணைத்து, குரோம் பிரவுசரில் ஏதேனும் கேம்பேட் டெஸ்டர் பக்கத்தைத் திறங்கள். ஒவ்வொரு ஸ்டிக்குக்கும் இரண்டு எண்கள் தெரியும்: ஒன்று இடம் வலம், இன்னொன்று மேல் கீழ். இரண்டும் -1 முதல் 1 வரை ஓடும். கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துக் கையை எடுத்துவிட்டுப் பத்து விநாடி எண்ணைக் கவனியுங்கள். 0.05-க்குள் இருந்தால் கவலை இல்லை. பெரும்பாலான கேம்கள் அந்த அளவைத் தாமே கழித்துவிடும்.

அதற்கு மேல் என்றால், எண் எவ்வளவு என்பதைவிட எப்படி நடந்துகொள்கிறது என்பதே முக்கியம்.

எண் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறது, உதாரணமாக எப்போதும் 0.09. மையம் கொஞ்சம் விலகியிருக்கிறது, உள்ளே பெரிய தேய்மானம் இல்லை. கேலிப்ரேஷனிலேயே, அதாவது மையம் எது என்று கன்ட்ரோலருக்கு மறுபடி சொல்லிக் கொடுப்பதிலேயே, சரியாக வாய்ப்பு அதிகம்.

எண் துடிக்கிறது. 0.02, 0.14, 0.06 என்று தாவுகிறது. தூசியோ கார்பன் பொடியோ இடையில் இருக்கிறது. துடைத்தால் குறையலாம்.

ஸ்டிக்கை மெதுவாக ஓரம்வரை தள்ளும்போது எண் குதிக்கிறது, 0.4-லிருந்து நேராக 0.9-க்குப் போகிறது. உள்ளே தடம் தேய்ந்துபோய்விட்டது. துடைப்பதில் பயன் இல்லை.

விடும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கிறது. மையத்துக்கு இழுக்கும் ஸ்பிரிங்கும் அதைத் தாங்கும் பிளாஸ்டிக் பகுதியும் தளர்ந்திருக்கின்றன. ஸ்டிக்கை மாற்றத்தான் வேண்டும்.

இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். தடம் தேய்ந்த ஸ்டிக்கின் மேல் பாட்டில் பாட்டிலாக ஆல்கஹால் ஊற்றுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு நிமிடத்தைத் தவிர்த்தவர்கள்தான்.

## உள்ளே என்ன தேய்கிறது?

டூயல்சென்ஸ், எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர், நின்டெண்டோ புரோ கன்ட்ரோலர் ஆகியவற்றின் ஸ்டிக் ஒரு சின்ன உலோகப் பெட்டி. அதன் இரண்டு பக்கங்களில் ஆளுக்கொரு பொட்டென்ஷியோமீட்டர் (திருப்பும் அளவை மின்னழுத்தமாக மாற்றும் பாகம்) ஒட்டியிருக்கும். பழைய ரேடியோவின் வால்யூம் திருகில் இருப்பதும் இதே சரக்குதான். பக்கத்து மூடியைச் சின்ன தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தால் ஒரு வெள்ளைச் சக்கரம் தெரியும். அதன் முதுகில் மயிரிழை போன்ற உலோகப் பற்கள், எதிரே கறுப்புக் கார்பன் தடம். ஸ்டிக்கை அசைக்கும்போதெல்லாம் அந்தப் பற்கள் கார்பனை உரசிக்கொண்டே போகும். உரசிய இடத்திலிருந்து பொடி உதிரும். ஸ்டிக் பெரும்பாலான நேரம் மையத்தையொட்டியே அசைவதால், மிகத் துல்லியமாக இருக்க வேண்டிய நடுப்பகுதிதான் முதலில் தேய்கிறது.

இதன் ஆயுள் எவ்வளவு? டூயல்சென்ஸில் உள்ள ஆல்ப்ஸ் ஸ்டிக்குக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் 20 லட்சம் சுழற்சி. 2021-ல் பழுதுபார்க்கும் வழிகாட்டிகளை வெளியிடும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் ஒரு துப்பாக்கிச் சண்டை கேமை வைத்துக் கணக்கிட்டு, இந்த அளவை 417 மணி நேரத்திலேயே தாண்டிவிடலாம் என்று சொன்னது. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் ஆடினால் ஏழு மாதம். 417 மணி ஆனதும் எல்லா ஸ்டிக்கும் கெட்டுவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதே மாதிரி ஸ்டிக்கையே மறுபடி போட்டால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும், அவ்வளவுதான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கீழே வரும் ஒப்பீடு முழுக்க இதைச் சுற்றித்தான்.

ஜாய்கான் வேறு மாதிரி. உடல் மெல்லியது என்பதால் தட்டையான ஸ்டிக். உள்ளே கார்பன் பட்டையின் மேல் உலோகத் தொடுமுனை வழுக்கிக்கொண்டு போகும். அந்தத் தொடுமுனையின் அழுத்தம் குறைந்தாலும் டிரிஃப்ட் வரும். ஜாய்கானின் உலோகப் பின்தகட்டுக்குமேல் சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள அட்டைத் துண்டு வைத்து மூடினால் சிலருக்குச் சரியாவது அதனால்தான்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

ஐந்து கேள்விகள்.

1. உத்தரவாதம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் திறக்கவே கூடாது.
2. ஸ்டிக் போர்டில் சால்டர் செய்யப்பட்டதா (உலோகத்தை உருக்கி ஒட்டப்பட்டதா), ரிப்பன் கேபிளில் செருகப்பட்டதா? மற்ற எல்லாவற்றையும்விட இந்த வித்தியாசம்தான் செலவையும் ஆபத்தையும் தீர்மானிக்கும்.
3. சரிசெய்த பிறகு எவ்வளவு காலம் தாங்கும்?
4. கருவிகள், உதிரிபாகம், கெடுத்துவிடும் ஆபத்து எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு என்ன?
5. மாற்றுவதால் ஏதாவது வசதி போய்விடுமா? டிரிகர் இறுக்கம், அதிர்வு, கன்சோலைத் தொலைவிலிருந்து எழுப்புவது போன்றவை.

## வழி 1: கேலிப்ரேஷன், டெட் ஸோன், துடைப்பு

காசு கிட்டத்தட்ட செலவில்லை என்பதால் எல்லோரும் தொடங்க வேண்டிய இடம். சுவிட்சில் சிஸ்டம் செட்டிங்ஸ், கன்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ், கேலிப்ரேட் கன்ட்ரோல் ஸ்டிக்ஸ் என்று போகலாம். டூயல்சென்ஸுக்கும் பழைய டூயல்ஷாக் 4-க்கும் குரோமில் ஓடும் டூயல்ஷாக் கேலிப்ரேஷன் ஜியுஐ என்ற இலவசக் கருவி இருக்கிறது. கேபிளில் இணைத்து அது சொல்லும் மூலைகளுக்கு ஸ்டிக்கைத் தள்ளி விட்டால் புது மையத்தை கன்ட்ரோலரின் நினைவகத்திலேயே எழுதிவிடும். முதலில் தற்காலிகமாக மாற்றி ஆடிப் பாருங்கள், திருப்தியானபின் நிரந்தரமாகச் சேமியுங்கள். ஸ்டீமில் ஒவ்வொரு கேமுக்கும் தனியாக டெட் ஸோன், அதாவது மையத்தையொட்டிய அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதி, வைக்கலாம்.

டெட் ஸோனுக்கும் ஒரு விலை உண்டு. 0.15 வரை செத்த மண்டலம் வைத்தால், நுணுக்கமாகக் குறிவைக்கும் சின்ன அசைவும் சேர்ந்து செத்துப்போகும். கார் ஓட்டவும், மேடை தாண்டவும், கதை விளையாடவும் இது பரவாயில்லை. சுடும் கேமுக்குச் சரிப்படாது.

துடைக்க 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். சென்னையில் ரிச்சி தெருவிலும் கெமிக்கல் கடைகளிலும் கிடைக்கும். கன்ட்ரோலரை அணைத்துவிட்டு, ஸ்டிக்கை ஒருபக்கம் சாய்த்துப் பிடித்து, அடியில் இரண்டு சொட்டு விடுங்கள். முப்பது விநாடி எல்லாத் திசையிலும் சுழற்றுங்கள். மற்ற மூன்று பக்கமும் அதேபோல. கால் மணி நேரம் காயட்டும். திறந்து செய்வதானால் இன்னும் நன்று: பக்க மூடியைக் கழற்றி, வெள்ளைச் சக்கரத்தை வெளியே எடுத்து, ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் தடத்தை ஒரே ஒரு முறை மெதுவாகத் துடையுங்கள். கறுப்பாக ஒட்டி வருவது உதிர்ந்த பொடி. அழுத்தித் தேய்த்தால் தடமே வந்துவிடும்.

சானிடைசர் ஊற்ற வேண்டாம், அதிலுள்ள கிளிசரின் பிசுபிசுப்பாகத் தங்கி அடுத்த மாதம் இன்னும் தூசி பிடிக்கும். துருநீக்க வீட்டில் வைத்திருக்கும் சாதாரண டபிள்யூடி-40-யும் வேண்டாம், எண்ணெய்ப் படலம் விட்டுப் போகும். அதே பெயரில் கான்டாக்ட் கிளீனர் என்று தனி டப்பா வருகிறது, அது வேறு.

எப்போது நல்லது: எண் துடிக்கிறது அல்லது நிலையாக விலகி நிற்கிறது, கன்ட்ரோலர் வாங்கி அதிக காலம் ஆகவில்லை.
மறைந்திருக்கும் செலவு: நேரம். துடைத்து இரண்டு வாரத்தில் திரும்பி வந்தால் அது தேய்மானம். மறுபடி துடைப்பதில் அர்த்தமில்லை.

## வழி 2: அதே வகைப் பொட்டென்ஷியோமீட்டர் ஸ்டிக்கை மாற்றுவது

உதிரிபாகம் மலிவு. டூயல்சென்ஸ், எக்ஸ்பாக்ஸ் வகை ஸ்டிக் ஒன்று சில நூறு ரூபாய்க்குள் வந்துவிடும். ஜாய்கான் ஸ்டிக்கும் அப்படியே. ஆனால் இரண்டும் ஒரே வேலை இல்லை.

ஜாய்கானில் சால்டரிங் கிடையாது. பின்னால் மூன்று இதழ் வடிவ ஒய்00 திருகாணி நான்கு. உள்ளே சின்ன பிலிப்ஸ் (கூட்டல் குறித் தலை) திருகாணிகள். பின்மூடியைத் திறக்கும்போது புத்தகம் போலத்தான் திறக்க வேண்டும், படாரென்று இழுத்தால் பக்கத் தண்டவாளத்துக்குப் போகும் ரிப்பன் கிழியும். முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைப் பிளாஸ்டிக் நெம்பியால் கழற்றுங்கள். பேட்டரி இருக்கும் நடுச்சட்டத்தை எடுத்தால் அடியில் ஸ்டிக். அதன் ரிப்பனைப் பூட்டியிருக்கும் தாழ் நகத்தின் நுனியளவுதான் இருக்கும், மேல்நோக்கித் தூக்கினால் திறக்கும். பக்கவாட்டில் தள்ளினால் உடையும். உடைந்தால் போர்டில் அந்த கனெக்டரையே மாற்ற வேண்டியிருக்கும். ஸ்டிக்கைப் பிடித்திருப்பது இரண்டு திருகாணி. முதன்முறை செய்பவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

டூயல்சென்ஸில் கதையே வேறு. வெளிப்பக்கம் திறப்பது எளிது: முன்பக்கக் கறுப்புச் சட்டத்தை நெம்பி எடுத்து, எல்1, ஆர்1 பட்டன்களைக் கழற்றினால் அடியில் இரண்டு பிலிப்ஸ் திருகாணி, கீழே இரண்டு. சிரமம் போர்டுக்கு வந்த பிறகுதான். ஒரு ஸ்டிக்குக்கு 14 கால்கள்: இரண்டு பொட்டென்ஷியோமீட்டருக்கும் மும்மூன்றாக ஆறு, ஸ்டிக்கையே அழுத்தும்போது இயங்கும் எல்3 பட்டனுக்கு (வலதில் ஆர்3) நான்கு, சட்டத்தைப் பிடிக்க நான்கு. அத்தனையையும் ஒன்றாக உருக்கினால்தான் ஸ்டிக் வரும்.

பிழை நடப்பது இங்கேதான். தொழிற்சாலை சால்டரில் ஈயம் இல்லை, 217 டிகிரி அருகில்தான் உருகும். கிரவுண்டோடு சேர்ந்த கால்கள் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். நம் ஊரில் பலர் வைத்திருக்கும் 25 வாட் சாதாரண சால்டரிங் இரும்பு அந்தக் கால்களிடம் திணறும். உருகிவிட்டதாக நினைத்து இழுத்தால் ஓட்டைக்குள் இருக்கும் செப்பு வளையமே காலோடு சேர்ந்து வந்துவிடும். அதன்பின் அந்தப் போர்டைக் காப்பாற்ற மெல்லிய கம்பி ஓட்ட வேண்டும்.

புதியவர்களுக்குப் பாதுகாப்பான முறை, பழைய ஸ்டிக்கைத் தியாகம் செய்வது. அது எப்படியும் குப்பைக்குப் போகிறதுதானே. கட்டிங் பிளையரால் உலோகச் சட்டத்தையும் பொட்டென்ஷியோமீட்டர்களையும் துண்டு துண்டாக வெட்டி எடுத்துவிடுங்கள். போர்டில் தனித்தனிக் கால்கள் மட்டும் நிற்கும். ஒவ்வொரு காலிலும் கொஞ்சம் ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாகப் பரவ உதவும் பசை), கொஞ்சம் 63/37 ஈய சால்டர் சேருங்கள். அந்தக் கலவை 183 டிகிரியிலேயே உருகும், பழையதோடு கலந்து அதையும் இளக்கிவிடும். வெப்பம் கட்டுப்படுத்தும் இரும்பை 350 டிகிரியில் வைத்துக் காலைச் சூடாக்கி, ட்வீசரால் மெதுவாக எடுங்கள். வரவில்லை என்றால் இன்னும் உருகவில்லை என்றுதான் பொருள், பலம் காட்டாதீர்கள். பிறகு உருகிய சால்டரை உறிஞ்சும் டீசால்டர் பம்பாலும் விக் என்ற செப்புப் பின்னலாலும் ஓட்டைகளைத் திறந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 14 ஓட்டை வழியாகவும் வெளிச்சம் வர வேண்டும். புது ஸ்டிக் அழுத்தாமல் தானாக உள்ளே இறங்கினால்தான் சால்டர் வைக்க வேண்டும்.

எப்போது நல்லது: பழைய கன்ட்ரோலர், குறைந்த செலவில் இன்னும் ஓராண்டு ஓடினால் போதும், அல்லது சால்டரிங் பழகுவதற்கு.
மறைந்திருக்கும் செலவு: சால்டரிங் ஸ்டேஷன், பம்ப், விக், ஃப்ளக்ஸ் எல்லாம் முதன்முறை வாங்கினால் 2,000 முதல் 3,000 ரூபாய் வரை ஆகிவிடும். ஒரே ஒரு கன்ட்ரோலருக்காக அதை வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது. அதோடு, இவ்வளவு பாடுபட்டுப் போட்ட ஸ்டிக்கும் அதே மாதிரி தேயும்.

## வழி 3: ஹால் அல்லது டிஎம்ஆர் ஸ்டிக்

இதில் உரசல் இல்லை. ஸ்டிக்கோடு சேர்ந்து ஒரு காந்தம் அசைகிறது, எதிரே உள்ள சென்சார் காந்தப்புலத்தின் மாற்றத்தை அளக்கிறது. தொடுவதே இல்லாததால் தடம் தேயும் பேச்சுக்கே இடமில்லை. புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1996-ல் சேகா சாட்டர்னுக்கு வந்த 3டி கன்ட்ரோல் பேடிலும், 1998-ல் வந்த டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலும் ஹால் சென்சார்தான். கால் நூற்றாண்டுக்கு முன்பே தீர்வு கண்ட ஒரு பிரச்சினையை இன்றைக்கும் ஆறாயிரம் ரூபாய் கன்ட்ரோலர் வாங்குபவர் சுமப்பது நியாயமில்லை. 2025 ஜூன் 5-ல் வந்த சுவிட்ச் 2-இன் ஜாய்கான் 2-லும் நின்டெண்டோ ஹால் ஸ்டிக் போடவில்லை.

ஹாலுக்கும் டிஎம்ஆருக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் காந்தத்தைத்தான் பார்க்கின்றன. டிஎம்ஆர் சென்சார் மின்சாரத்தை மிகக் குறைவாகவே எடுக்கும், நுணுக்கமும் அதிகம். ஹால் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், அதனால் வயர்லெஸ் கன்ட்ரோலரில் பேட்டரி நேரம் சற்றே குறையலாம். விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்றால் டிஎம்ஆரையே எடுங்கள்.

ஜாய்கானுக்குக் குலிகிட் போன்ற நிறுவனங்களின் ஹால் ஸ்டிக் ஜோடியாக, ஸ்க்ரூடிரைவரும் சேர்த்தே கிடைக்கிறது. மாற்றும் முறை வழி 2-இல் சொன்னதுதான், சால்டரிங் இல்லை. முடித்ததும் செட்டிங்ஸில் கேலிப்ரேட் செய்தால் போதும். சாதா ஸ்டிக்குக்குச் செய்யும் அதே வேலை, கூடுதலாகச் சில நூறு ரூபாய். ஜாய்கான் வைத்திருப்பவர் சாதா ஸ்டிக்கை வாங்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஸ்டீம் டெக்கிலும் ஸ்டிக் தனிச் சிறு போர்டில் இருக்கிறது, மூன்று திருகாணி. ஆனால் திறக்கும் முன் மைக்ரோஎஸ்டி கார்டைக் கட்டாயம் வெளியே எடுங்கள், மறந்தால் பின்மூடி கழலும்போது கார்டு இரண்டாக உடையும். பயாஸில் (கருவியின் அடிப்படை அமைப்புத் திரை) பேட்டரி ஸ்டோரேஜ் மோடில் போட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. டெக்கின் ஸ்டிக் தலை விரல் தொடுவதையும் உணரும், கருவியைச் சாய்த்துக் குறிபார்க்கும் ஜைரோவை இயக்க அதைப் பலர் பயன்படுத்துகிறார்கள். வாங்கும் ஸ்டிக் அதை ஆதரிக்கிறதா, உங்கள் டெக்கின் போர்டு வகைக்கு உரியதா என்று பாருங்கள். எல்சிடி மாடலிலேயே இரண்டு வகைப் போர்டு உண்டு. மாற்றியபின் டெஸ்க்டாப் மோடில் கான்சோல் (Konsole) என்ற கட்டளைச் சாளரத்தைத் திறந்து கேலிப்ரேஷன் கட்டளையை ஓட்ட வேண்டும். ராக் அலையில் அதே வேலையை ஆர்மரி கிரேட் மென்பொருளில் செய்யலாம்.

டூயல்சென்ஸ், எக்ஸ்பாக்ஸ் என்றால் மறுபடி அந்த 14 கால்தான். சால்டரிங் முடிந்த கையோடு இன்னொரு வேலை இருக்கிறது. காந்த ஸ்டிக்கின் மைய மின்னழுத்தம் பழைய ஸ்டிக்கோடு அப்படியே ஒத்துப்போகாது. அதனால் புது ஸ்டிக் போட்ட உடனே டிரிஃப்ட் தெரியும், பயந்துவிடாதீர்கள். டூயல்சென்ஸில் மேலே சொன்ன கருவியால் மையத்தையும் வட்ட எல்லையையும் சேமித்தால் சரியாகிவிடும். சாதாரண எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் வேலை அவ்வளவு எளிதில்லை. ஸ்டிக்கிலேயே சின்னத் திருகால் மையத்தைச் சரிசெய்யும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். எந்த கன்ட்ரோலருக்கு என்று பெட்டியில் எழுதியிருக்கிறதோ அதற்கு மட்டுமே போடுங்கள். 14 கால் ஒரே மாதிரி என்பதற்காக ஒன்றுக்குரியதை இன்னொன்றில் வைக்காதீர்கள்.

காந்த ஸ்டிக் அழியாதது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தடம் தேயாது, ஆனால் ஸ்பிரிங் தளரும், பிளாஸ்டிக் அச்சு ஆடும், எல்3 பட்டன் சாகும். மலிவான ஹால் ஸ்டிக்கில் விடும்போது மையத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஒரு துள்ளல் வருவதும் உண்டு.

எப்போது நல்லது: ரிப்பன் கேபிள் வகை எல்லாவற்றுக்கும், சால்டர் வகையில் கை பழகியிருந்தால், அல்லது நம்பகமான மெக்கானிக் இருந்தால்.
மறைந்திருக்கும் செலவு: கேலிப்ரேஷன் நேரம், உத்தரவாதம் போவது, போலி உதிரிபாகம். ஹால் என்று விற்பதில் சில சாதா ஸ்டிக்தான். பக்கத்தைப் பாருங்கள்: மூடியைத் திறந்தால் கார்பன் தடமும் உலோகப் பற்களும் இருந்தால் அது ஹால் இல்லை.

## வழி 4: கம்பெனி சர்வீஸ் அல்லது கடை

உத்தரவாதம் உள்ள டூயல்சென்ஸுக்கு வேறு வழியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், பில்லோடு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். போகும் முன் கேம்பேட் டெஸ்டரில் எண் நகர்வதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் வைத்துப் பார்க்கும் நேரத்தில் டிரிஃப்ட் வராமல் போய் "பிரச்சினை இல்லை" என்று திருப்பித் தரப்படுவது அடிக்கடி நடக்கிறது.

நின்டெண்டோ அமெரிக்காவில் ஜாய்கானை இலவசமாகச் சரிசெய்து தருகிறது, 2023-லிருந்து ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் உத்தரவாதம் முடிந்த பிறகும்கூட. இந்தியாவில் நின்டெண்டோ நேரடியாக விற்பதில்லை, இங்கே கிடைப்பவை எல்லாம் இறக்குமதிச் சரக்கு. ஆகவே பர்மா பஜாரில் வாங்கிய சுவிட்சுக்குக் கடைக்காரர் தரும் உத்தரவாதம்தான் உத்தரவாதம். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஊருக்கு வந்து போகிறார் என்றால் ஜாய்கானை மட்டும் கொடுத்தனுப்புவது உண்மையிலேயே நல்ல யோசனை.

கடையில் கொடுப்பதானால் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன ஸ்டிக் போடுவீர்கள், சாதாவா ஹாலா டிஎம்ஆரா? மாற்றியபின் கேலிப்ரேட் செய்து டெஸ்டரில் காட்டுவீர்களா? பழைய ஸ்டிக்கைத் திருப்பித் தருவீர்களா? மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் கொடுக்கலாம். கூலி கடைக்குக் கடை மாறும், ஒரு ஸ்டிக்குக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கேட்டால் அது சால்டரிங் வேலைக்கு நியாயமான தொகைதான். "துடைத்துத் தருகிறேன்" என்று நானூறு கேட்டால், அதை நீங்களே இரண்டு சொட்டு ஆல்கஹாலில் செய்யலாம்.

எப்போது நல்லது: உத்தரவாதம் இருக்கிறது, அல்லது சால்டர் வகை, வீட்டில் கருவி இல்லை.
மறைந்திருக்கும் செலவு: அலைச்சல், காத்திருப்பு, சில சமயம் வாங்கியதைவிட மோசமான ஸ்டிக்.

## வழி 5: புது கன்ட்ரோலர்

அதே மாடலைப் புதிதாக வாங்கினால் எல்லா வசதியும் அப்படியே கிடைக்கும், பேட்டரியும் புதிது. ஸ்டிக்கும் அதே வகை. இரண்டு வருடம் கழித்து மறுபடி இதே கட்டுரையைத் தேடுவீர்கள். சோனியின் டூயல்சென்ஸ் எட்ஜில், 2023 ஜனவரியில் வந்தது, ஸ்டிக் தொகுதியைத் திருகாணியே இல்லாமல் தாழைத் தள்ளி உருவி மாற்றலாம். அருமையான அமைப்பு. ஆனால் உள்ளே இருப்பது பொட்டென்ஷியோமீட்டரேதான், கன்ட்ரோலர் விலையும் சாதாவைப் போல மூன்று மடங்கை நெருங்குகிறது. அந்த வசதிக்காக மட்டும் வாங்கப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹால், டிஎம்ஆர் ஸ்டிக்கோடே வரும் மாற்று கன்ட்ரோலர்கள் இப்போது நிறைய. 8பிட்டூ, கேம்சர், குலிகிட் மட்டுமல்ல, நம் நாட்டு காஸ்மிக் பைட் போன்றவற்றிலும் உண்டு. பலவற்றின் விலை டூயல்சென்ஸில் பாதிதான். கணினியில் ஆடுபவருக்கு இதைவிட நல்ல பேரம் இல்லை.

கன்சோலுக்கு வாங்குபவர் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். பிஎஸ்5 கேம்கள் சோனி உரிமம் இல்லாத கன்ட்ரோலரை ஏற்காது. டூயல்ஷாக் 4-கூட பிஎஸ்4 கேம்களுக்குத்தான் ஓடும். எக்ஸ்பாக்ஸிலும் 2023 நவம்பரிலிருந்து உரிமம் இல்லாதவை தடுக்கப்படுகின்றன. கேம்சர் ஜி7 எஸ்இ போல உரிமம் பெற்ற ஹால் கன்ட்ரோலராகப் பார்த்து எடுங்கள், அது கேபிள் வகை. சுவிட்சில் பல மாற்று கன்ட்ரோலர்கள் ஓடும், ஆனால் தூங்கும் கன்சோலை எழுப்புவதோ அமீபோ (நின்டெண்டோவின் சிப் பொருத்திய பொம்மைகள்) படிப்பதோ நுட்பமான அதிர்வோ சிலவற்றில் இருக்காது. பெட்டியில் தெளிவாக எழுதாததை "இருக்கும்" என்று நம்பி வாங்காதீர்கள்.

எப்போது நல்லது: பேட்டரி, டிரிகர், பட்டன் எல்லாம் சேர்ந்து தளர்ந்துவிட்டன, அல்லது கணினியில் மட்டும் ஆடுகிறீர்கள்.
மறைந்திருக்கும் செலவு: கன்சோலோடு ஒத்துப்போகாதது, இழக்கும் வசதிகள்.

## ஒரே பார்வையில்

| வழி | சுமார் செலவு | ஆபத்து | தாங்கும் காலம் | யாருக்கு |
|---|---|---|---|---|
| கேலிப்ரேஷன், துடைப்பு | ரூ. 300-க்குள் | மிகக் குறைவு | சில வாரம் முதல் சில மாதம் | எண் துடிக்கும், விலகி நிற்கும் எல்லோருக்கும் |
| சாதா ஸ்டிக் மாற்றம் | ஸ்டிக் சில நூறு, கருவி தனி | ஜாய்கானில் குறைவு, சால்டர் வகையில் அதிகம் | முன்பு போலவே | பழைய கன்ட்ரோலர், பழகுபவர் |
| ஹால், டிஎம்ஆர் மாற்றம் | சாதாவைவிடச் சில நூறு கூடுதல் | மேலே உள்ளதேதான், கூடவே கேலிப்ரேஷன் | பல வருடம், ஸ்பிரிங் தாங்கும்வரை | ஜாய்கான், ஸ்டீம் டெக், ராக் அலை. கைப்பழக்கம் உள்ளவர் |
| சர்வீஸ், கடை | இலவசம் முதல் ரூ. 1,500 வரை | கடையைப் பொறுத்தது | போடும் ஸ்டிக்கைப் பொறுத்தது | உத்தரவாதம் உள்ளவர், கருவி இல்லாதவர் |
| புதியது | ரூ. 2,500 முதல் 6,000 வரை | ஒத்துப்போகாமை | ஸ்டிக் வகையைப் பொறுத்தது | கணினியில் ஆடுபவர், எல்லாமே தேய்ந்தவர் |

## இடையில் நிற்பவர்களுக்கு

சுவிட்ச் லைட் வைத்திருப்பவர் நிலைமை சிக்கலானது. ஸ்டிக் ரிப்பன் வகைதான், ஆனால் கழற்ற முடியாத உடலுக்குள் இருப்பதால் முழு கன்சோலையும் திறந்து உலோகக் கவசத்தை எடுக்க வேண்டும். ஜாய்கானில் கை பழகியவர் செய்யலாம். முதல் முயற்சியை லைட்டில் தொடங்காதீர்கள். கெட்டால் கன்சோலே போகும்.

வீட்டில் இரண்டு டூயல்சென்ஸ், இரண்டிலும் டிரிஃப்ட், உத்தரவாதம் இல்லை என்றால் கணக்கு மாறிவிடுகிறது. கருவிக்கு 2,500, நான்கு டிஎம்ஆர் ஸ்டிக்குக்கு அதே அளவு வைத்தாலும், இரண்டு புது கன்ட்ரோலரின் விலையில் பாதிக்குக் கீழே. ஆனால் முதல் சால்டரிங்கை அந்த கன்ட்ரோலரில் பழகக் கூடாது. ரிச்சி தெருவில் கிலோ கணக்கில் விற்கும் பழைய போர்டு ஒன்றை வாங்கி, அதிலிருந்து பத்துப் பாகங்களை ஓட்டை கெடாமல் எடுத்துப் பழகுங்கள்.

ஒரு ஸ்டிக்தான் கெட்டிருக்கிறது, இன்னொன்று நன்றாக இருக்கிறது என்றால் இரண்டையும் மாற்ற வேண்டுமா? ஜாய்கானில் கெட்டதை மட்டும் மாற்றலாம், இரண்டும் தனித்தனி உடல். டூயல்சென்ஸில் எப்படியும் போர்டு வெளியே வந்துவிட்டது, இரும்பும் சூடாக இருக்கிறது. நடக்க இடது, பார்க்க வலது என்று இரண்டும் ஒரே அளவு உழைத்தவை. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இடதில் காந்தமும் வலதில் கார்பனும் இருந்தால் கைக்கும் வித்தியாசம் தெரியும்.

மாற்றிய கன்ட்ரோலரை மூடும் முன் பேட்டரியை மட்டும் செருகி, திருகாணி போடாமல் டெஸ்டரில் ஒருமுறை பாருங்கள்: நான்கு எண்ணும் மையத்துக்கு வருகின்றனவா, எட்டுத் திசையிலும் ஓரம்வரை போகின்றனவா, எல்3, ஆர்3 அழுத்தினால் பதிவாகிறதா. எல்3 பதிவாகவில்லை என்றால் அதன் நான்கு கால்களில் ஒன்றில் சால்டர் பிடிக்கவில்லை. அதைச் சரிசெய்ய இப்போது ஒரு நிமிடம் போதும். எல்லாத் திருகாணியும் போட்டு, எல்1, ஆர்1 செருகி, சட்டத்தை அழுத்தி மூடிய பிறகு கண்டுபிடித்தால் இருபது நிமிடம் ஆகும்.